இரண்டாவது மாத்திரை

மனச்சிதைவு நோய்க்கு எழுதப்படும் மருந்துச் சீட்டில் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு வரிகளாவது இருக்கும். முதல் வரி நோய்க்கு: ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், ட்ரைஃப்ளுவோபெரசின் என்று ஏதாவது ஒன்று. இரண்டாவது வரி ட்ரைஹெக்ஸிஃபெனிடில். மருந்துக் கடையிலும் வீட்டிலும் அதற்குப் பெயர் பேசிடேன். எதற்கு என்று கேட்டால் "அது நடுக்கத்துக்கு" என்பார்கள். நடுக்கம் வந்திருக்கிறதா என்றால், இல்லை, வராமலிருக்கக் கொடுத்தது. சில கம்பெனிகள் தனியாக எழுதும் சிரமத்தைக்கூட வைக்கவில்லை. இரண்டையும் ஒரே மாத்திரைக்குள் அடைத்து, பெயருக்குப் பின்னால் 'பிளஸ்' ஒட்டி விற்கின்றன.

இந்த இரண்டாவது வரி நியாயமானதா என்பதே இங்கே வழக்கு. அதைத் தீர்ப்பதற்கு முன் முதல் வரியைப் பற்றி நிலவும் இரண்டு பிடிவாதங்களை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. "இந்த மாத்திரைதான் பிள்ளையை முடமாக்குகிறது, நிறுத்தினால் சரியாகிவிடும்" என்பது வீடுகளில் கேட்பது. "அதெல்லாம் பழைய மருந்துகளோடு போயிற்று, புதியவை அப்படிச் செய்வதில்லை" என்பது மாநாடுகளிலும் மருந்துப் பிரதிநிதிகள் கொண்டுவரும் வழவழத் தாள்களிலும் கேட்பது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மூளையில் டோபமைன் வந்து பொருந்தும் இடங்களை அடைப்பது இந்த மருந்துகளின் வேலை. குரல் கேட்பதும் சந்தேகம் முற்றுவதும் அதனால் அடங்குகின்றன. ஆனால் அடைப்பு வேண்டிய இடத்தோடு நிற்பதில்லை, உடலசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலும் நடக்கிறது. முதல் சில நாட்களிலேயே சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், நாக்கு இழுத்துக்கொள்ளும், கருவிழி மேலே செருகி நின்றுவிடும். இளைஞர்களுக்கு, அதிலும் ஹாலோபெரிடால் போன்ற வீரியமான மருந்தை ஊசியாகப் போட்டவர்களுக்கு, இது அதிகம். பார்த்தவர்கள் வலிப்பு என்பார்கள், பேய் என்பார்கள். புரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் சற்று நேரத்தில் இறங்கிவிடும். அடுத்த சில வாரங்களில் வருவது பார்க்கின்சன் நோயின் சாயல்: முகம் உறைந்துபோகும், நடக்கும்போது கை வீசாது, விரல் நடுங்கும். மூன்றாவது அகதீசியா, அதாவது ஓரிடத்தில் இருக்கவிடாத தவிப்பு. நான்காவதுதான் எல்லோரும் அஞ்சுவது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரும் டார்டிவ் டிஸ்கைனீசியா. வெற்றிலை போடாமலே வாய் மென்றுகொண்டிருக்கும், நாக்கு வெளியே வந்து வந்து போகும், விரல்கள் தாமாக அசையும். மருந்தை நிறுத்தினாலும் பலருக்கு இது போவதில்லை. சிலருக்கு நிறுத்திய பிறகுதான் வெளியே தெரியும்.

இவை யாரும் எதிர்பாராமல் பின்னாளில் தலைகாட்டியவை என்று சொல்ல முடியாது. பாரிஸின் சேன்ட் ஆன் மருத்துவமனையில் தெலேயும் தெனிக்கேயும் 1952இல் குளோர்ப்ரோமசினைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1954இலேயே லோசான் நகரில் ஹான்ஸ் ஸ்டெக் அது தரும் விறைப்பை எழுதிவிட்டார். நம்முடைய சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த ரெசர்பினும் அதையே செய்கிறது என்று அதே கட்டுரையில் குறித்தார். கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அந்த வேர் பித்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதை 1931இல் எழுதியிருந்தார்கள். ரெசர்பினால் முடங்கிக் கிடந்த முயல்களை அர்விட் கார்ல்சன் எல்-டோபா கொடுத்து எழுப்பிக் காட்டியது 1957இல். டோபமைனுக்கும் அசைவுக்கும் உள்ள உறவை உலகம் அங்கிருந்துதான் கற்றது.

அதைவிட வியப்பு, விறைப்பைப் பலர் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது. ஜெர்மன் மருத்துவர் ஹாஸ நோயாளிகளை வாரந்தோறும் எழுதச் சொல்லிப் பார்த்தார். கையெழுத்து சிறுத்து இறுகத் தொடங்கும் அளவே மருந்து வேலைசெய்யத் தொடங்கும் அளவு என்றார். அதைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியும் விறைப்பு வரும்வரை ஏற்றுவதால் லாபமில்லை என்றும் அவரே சொன்னார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விறைப்பு வந்தால் மருந்து 'பிடித்துவிட்டது' என்ற நம்பிக்கை வார்டுகளில் பல ஆண்டுகள் ஓடியது. 1991இல் அமெரிக்காவில் மெக்கெவாய் குழு ஹாஸவின் யோசனையை முறையாகச் சோதித்தது. அந்த நுண்ணிய மாற்றம் தெரிய ஹாலோபெரிடால் சராசரியாக நாளைக்கு 4 மில்லிகிராம்கூடத் தேவைப்படவில்லை. அதற்கு மேல் பல மடங்கு ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் கூடுதலாகத் தணியவில்லை, விறைப்புதான் கூடியது.

ஏன் என்பதற்கு விடை மூளைப் படங்களிலிருந்து வந்தது. டொரொன்டோவில் ஷிதிஜ் கபூர் குழு, முதன்முறை நோய்வாய்ப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் கொடுத்துப் பார்த்து 2000இல் எழுதியது: டோபமைன் ஏற்பிகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் நோய் தணியத் தொடங்குகிறது, 78ஐத் தாண்டினால் அசைவுக் கோளாறுகள் வருகின்றன. இடையில் இருப்பது குறுகிய சந்து. ஹாலோபெரிடாலில் 2 மில்லிகிராமுக்கும் 5 மில்லிகிராமுக்கும் இடையிலேயே அது கடந்துபோய்விடும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி வாதங்கள் பெரும்பாலும் தாமாகவே தெளியும்.

முதல் பிடிவாதத்துக்கு வருகிறேன். எல்லாம் மருந்தால்தான் வந்ததா? இதற்குக் கூர்மையான சான்று சென்னையிலிருந்து கிடைத்தது. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாராவும் உடனாய்வாளர்களும், ஸ்காட்லாந்து மருத்துவர் மக்ரீடியும் சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. முதியவர்கள் 308 பேரைப் பார்த்தார்கள். நோயில்லாதவர்களில் 15 விழுக்காட்டினருக்குத் தன் வசமில்லாத அசைவுகள் இருந்தன. மருந்து சாப்பிட்டுவந்த நோயாளிகளில் 41. இத்தோடு நிறுத்தினால் மருந்துதான் குற்றவாளி. ஆனால் அங்கே இன்னொரு கூட்டமும் இருந்தது. நோய் இருந்தும் வாழ்நாளில் அதற்கென்று ஒரு மாத்திரைகூட விழுங்காத 21 பேர். அவர்களில் 38 விழுக்காட்டினருக்கு அதே அசைவுகள்! மருந்து எட்டாத வீடுகள் நம்மிடையே இருந்ததால்தான் இந்த ஆய்வைச் செய்யவே முடிந்தது என்பது தனியாக வருந்த வேண்டிய விஷயம்.

இந்த ஆய்வை மருந்துக்கு நற்சான்றிதழாகக் காட்டுபவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாது. 21 பேரில் 38 விழுக்காடு என்றால் எட்டுப் பேர். இருவர் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ மாறியிருந்தால் விழுக்காடு பத்துப் புள்ளிக்கு நகர்ந்திருக்கும். பார்த்தது முதியவர்களை, இருபது வயதுப் பையனுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. பார்க்கின்சன் சாயலில் கதையும் வேறு: நோயில்லாதவர்களில் 6, மருந்தே காணாத நோயாளிகளில் 24, மருந்து எடுத்தவர்களில் 36. அதாவது நோயே அசைவைப் பிசகவைக்கிறது, மருந்து அதன்மேல் தன் பங்கையும் ஏற்றுகிறது. நோயாளி வாயை மெல்லுவதை மட்டும் பார்த்து "மாத்திரையால் வந்தது" என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. "மாத்திரைக்குச் சம்பந்தமே இல்லை" என்று கைகழுவவும் முடியாது. மருந்து தொடங்குவதற்கு முன் அசைவுகள் எப்படி இருந்தன என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் பிரித்துச் சொல்ல வழி உண்டு. நம் சீட்டுகளில் அந்தக் குறிப்பைத் தேடிப் பாருங்கள்.

சரி, நிறுத்திவிட்டால்? 65 ஆய்வுகளைத் திரட்டி லாய்க்ட் குழு 2012இல் லான்செட்டில் எழுதியது: மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 விழுக்காட்டினருக்கு, வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64. பட்டென்று நிறுத்தியதால் வந்த எண் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. படிப்படியாகக் குறைத்த ஆய்வுகளிலும் இடைவெளி மறையவில்லை. ஃபின்லாந்தில் 62,250 நோயாளிகளின் பதிவுகளை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, மருந்தில்லாத காலத்தில் இறப்பு 46.2 விழுக்காடாகவும் மருந்தெடுத்த காலத்தில் 25.7 ஆகவும் கணக்கானது. இது பதிவேட்டு ஆய்வு என்பதால் சிறு தள்ளுபடி செய்யத்தான் வேண்டும். மருந்தை விட்டவர்கள் வேறு பல கவனிப்புகளையும் விட்டவர்களாக இருக்கலாம். தள்ளுபடி போக மிஞ்சுவதே பெரிய தொகை. நிறுத்துவது பெரும்பாலோருக்குத் தீர்வாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவது பிடிவாதத்தை உரசிப் பார்த்தால் சாயம் கொஞ்சம் போகிறது. 1990களில் புதிய மருந்துகள் சந்தைக்கு வந்தபோது, அவற்றோடு ஓடவிட்ட எதிராளி பெரும்பாலும் ஹாலோபெரிடால். பழைய மருந்துகளிலேயே அசைவை அதிகம் கெடுப்பவற்றில் ஒன்று அது. அதையும் எந்த அளவில் கொடுத்தார்கள்? ரிஸ்பெரிடோனின் வட அமெரிக்க ஆய்வில் நாளைக்கு 20 மில்லிகிராம். மெக்கெவாய் கண்ட அளவுக்கு ஐந்து மடங்கு. கால்கட்டோடு ஓடவிட்ட ஆளை முந்தியது என்ன பெருமை? அதே ஆய்வில் ரிஸ்பெரிடோனை 2, 6, 10, 16 மில்லிகிராம் என்று நான்கு அளவுகளில் கொடுத்தார்கள். அளவு ஏற ஏற அதுவும் பழைய மருந்தைப்போலவே விறைக்கவைத்தது.

வீரியம் குறைந்த பழைய மருந்துகளோடு புதியவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளை லாய்க்ட் குழுவே 2003இல் கூட்டிப் பார்த்தது. குளோர்ப்ரோமசின் கணக்கில் 600 மில்லிகிராமுக்குக் கீழே கொடுக்கப்பட்டபோது பழையவற்றால் அசைவுக் கோளாறு கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. பிறகு 2005இல் அமெரிக்க அரசின் செலவில் நடந்த கேட்டி ஆய்வு. 1,493 நோயாளிகள், பழைய தரப்பில் மிதமான அளவில் பெர்ஃபெனசின். அளவுகோல்களில் எடுத்துப் பார்த்தால் விறைப்பிலும் நடுக்கத்திலும் புதியவற்றோடு வித்தியாசமில்லை. பலருக்கு அது அதிர்ச்சி. ஆனால் அந்த ஆய்வையும் கண்ணைமூடி ஏற்கக் கூடாது. ஏற்கெனவே டார்டிவ் டிஸ்கைனீசியா இருந்தவர்களை பெர்ஃபெனசின் பக்கம் சேர்க்கவே இல்லை. பழைய மருந்துக்கு அது சாதகம். அப்படியிருந்தும் அசைவுத் தொல்லையால் மருந்தை விட்டவர்கள் பெர்ஃபெனசினில் 8 விழுக்காடு, மற்றவற்றில் 2 முதல் 4. எடையும் சர்க்கரையும் கூடியதால், புதியவற்றில் ஒன்றான ஓலன்சபினை விட்டவர்கள் 9 விழுக்காடு. ஒரு தொல்லை இறங்கிய இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

ஆகவே புதியது, பழையது என்ற பிரிவே பொய்யா? அதுவும் இல்லை. நீண்டகால விளைவில் வித்தியாசம் நிற்கிறது. கார்பன், கோரெல் குழுவினர் 2017இல் தொகுத்ததில் டார்டிவ் டிஸ்கைனீசியா பழைய மருந்துகளில் 30 விழுக்காட்டினருக்கும் புதியவற்றில் 20.7 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. பழைய மருந்தை ஒருநாளும் தொடாதவர்களை மட்டும் எடுத்தால் 7.2. இது சிறிய ஆதாயமில்லை. பூஜ்யமும் இல்லை. இன்னொன்று, 'புதியவை' என்று ஒரே கூடையில் போடுவது தவறு. லான்செட்டில் 2013இல் வந்த 15 மருந்துகளின் ஒப்பீட்டில் அசைவை மிகக் குறைவாகக் கெடுத்தது குளோசபின், மிக அதிகமாகக் கெடுத்தது ஹாலோபெரிடால். ரிஸ்பெரிடோன் இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றது. அந்தக் குளோசபின் 1950களின் இறுதியில் செய்யப்பட்டது. வயதில் அது ஹாலோபெரிடாலின் கூட்டாளி. கண்டுபிடித்த ஆண்டை வைத்து மருந்தை எடைபோடுவது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எந்த மருந்து என்பதும் எவ்வளவு என்பதும்தான் கேட்க வேண்டியவை.

இப்போது பேசிடேன். அதன் தரப்பில் சொல்ல வலுவான வாதங்கள் உண்டு, முதலில் அவற்றைக் கேட்டுவிடலாம். ரியோ டி ஜெனீரோவில் வன்முறையோடு வந்த 316 நோயாளிகளிடம் ஹாலோபெரிடாலைத் தனியாகவும், புரோமெத்தசினோடு சேர்த்தும் ஊசியாகப் போட்டு ஒப்பிட்டார்கள்; 2007இல் வெளியானது. தனியாகப் போட்டவர்களில் பத்துப் பேருக்குத் தசை இழுத்துக்கொண்டது, சேர்த்துப் போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் பிரதாப் தாரியன் குழு லோராசிபாமோடும் ஓலன்சபினோடும் ஒப்பிட்டுப் பார்த்ததும் இந்தச் சேர்க்கையைத்தான். அவசரத்தில் முன்கூட்டியே காப்பு கொடுப்பது சரி என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. பேசிடேன் வேறு மருந்து, ஆனால் தசைப்பிடிப்பைத் தடுப்பதில் அதற்குப் பின்னாலும் இதே தர்க்கம்தான். இரண்டாவது வாதம் தூரம். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பஸ் மாறி வருகிற குடும்பம். மூன்றாம் நாள் இரவு பையனுக்கு நாக்கு இழுத்துக்கொண்டால் அங்கே ஊசி போட யார் இருக்கிறார்கள்? ஒருமுறை அந்தப் பயத்தைக் கண்டவன் மறுபடி மாத்திரையைத் தொடுவானா? இந்தக் கவலையை ஏட்டுப் படிப்பு என்று தள்ள முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒரே காலையில் நூறு பேரைப் பார்த்துமுடிக்க வேண்டிய மருத்துவரின் கவலை அது.

ஆனால் இந்த இரண்டு வாதங்களும் முதல் ஒன்றிரண்டு வாரங்களைக் காக்கின்றன. பத்தாவது ஆண்டைக் காக்கவில்லை. தசைப்பிடிப்பு பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். அதற்குப் பிறகும் மாத்திரை ஏன் தொடர்கிறது என்றால், போன சீட்டில் இருந்தது, இந்தச் சீட்டிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த மையங்களின் தலைவர்கள் 1990லேயே கூட்டறிக்கை விட்டார்கள், நெடுங்கால மருந்தெடுப்பவர்களுக்கு இதை வழக்கமாகத் தடுப்பு மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்று. அதன் பிறகு ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து முடித்து ஓய்வும் பெற்றுவிட்டார்கள். சீட்டு மாறவில்லை.

கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? வாய் வறளும், பார்வை மங்கும், மலம் கட்டும். முதியவர்களுக்குச் சிறுநீர் நின்றுபோகும், புத்தி தடுமாறும். குளோசபினோடு சேர்ந்தால் மலக்கட்டு குடலையே முடக்கும் ஆபத்து. எல்லாவற்றையும்விட எனக்குக் கனமாகப் படுவது நினைவாற்றல். மனச்சிதைவு நோயே மறதியையும் கவனச்சிதறலையும் கொண்டுவருவது. வேலைக்குப் போக முடியாமல் செய்வது பெரும்பாலும் அதுதான், குரல்கள் அல்ல. அதன்மேல் நினைவை மழுங்கவைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் ஏற்றுகிறோம். ரோசன்ஹெக் குழு 2003இல் 309 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் ஓலன்சபினையும் ஹாலோபெரிடாலையும் ஒப்பிட்டபோது, ஹாலோபெரிடால் பக்கம் பேசிடேனின் இனமான பென்ஸ்ட்ரோபினை முதலிலிருந்தே கூடக் கொடுத்தார்கள். விறைப்பில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நினைவுச் சோதனைகளில் ஓலன்சபின் சற்று முன்னே நின்றது. அதில் பென்ஸ்ட்ரோபினின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பங்கு இருக்காது என்று நம்புவது கடினம்.

நடுக்கத்துக்கு உதவும் இந்த மாத்திரை டார்டிவ் டிஸ்கைனீசியாவை மோசமாக்கக் கூடியது. வாய் மெல்லுவதைப் பார்த்து, நடுக்கத்தோடு அதையும் சேர்த்துக் குழப்பி, பேசிடேனை ஒன்றிலிருந்து இரண்டாக ஏற்றுவது நடக்கிறது. அகதீசியாவுக்கும் இது அதிகம் உதவாது. அந்தத் தவிப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்காருவார், எழுவார்; நின்றால் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருப்பார்; வரிசையில் நிற்க முடியாமல் வராந்தாவில் நடப்பார். "உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்பதற்கு மேல் அவரால் சொல்லத் தெரியாது. இதை நோயின் கொதிப்பு என்று எழுதி முதல் வரி மருந்தை ஏற்றினால் தவிப்பு இன்னும் கூடும். தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகும் நிலை இது. செய்ய வேண்டியதோ நேர்மாறானது: அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு புரோப்ரனலால் சேர்ப்பது. 'பிளஸ்' மாத்திரையில் இதற்கெல்லாம் இடமில்லை. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும், ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறும்.

டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கு இப்போது மருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்கா 2017இல் வால்பெனசினையும் டியூட்ரா-டெட்ராபெனசினையும் அதற்கென்று அனுமதித்தது. வால்பெனசினின் முக்கிய ஆய்வில், 80 மில்லிகிராம் ஆறு வாரம் கொடுத்தபோது, 28 புள்ளி அளவுகோலில் சராசரியாக 3.2 புள்ளி இறங்கியது. வெற்று மாத்திரையில் 0.1. உண்மையான பலன்தான், நோய்நீக்கம் என்று சொல்லிவிட முடியாது. நிறுத்தினால் அசைவு திரும்புகிறது. இங்கே கிடைக்கும் டெட்ராபெனசின் அதே இனம், கூடவே மனச்சோர்வைக் கொண்டுவரக் கூடியது. வந்த பிறகு துரத்துவதைவிட முளையிலேயே கண்டுகொள்வது மலிவு.

கண்டுகொள்வதற்கான வழியும் கடினமில்லை. ஏய்ம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அளவுகோல் 1976இலிருந்து இருக்கிறது. (தில்லி மருத்துவமனைக்கும் இதற்கும் தொடர்பில்லை.) கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, வாயில் எதுவும் இல்லையே என்று கேட்டுக்கொண்டு, கைகளை முழங்காலில் வைக்கச் சொல்வார்கள். வாயைத் திறந்து நாக்கை உள்ளேயே வைத்திருக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், பிறகு நீட்டச் சொல்வார்கள். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடச் சொல்லிவிட்டு, பார்வையை முகத்திலும் காலிலும் வைப்பார்கள். கவனம் விரலில் இருக்கும்போது மறைந்திருந்த அசைவு அங்கே வெளிப்படும். கடைசியில் சில அடி நடந்து திரும்பச் சொல்வார்கள். ஐந்து முதல் பத்து நிமிடம். ஸ்கேன் வேண்டாம், ரத்தம் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சையின் நன்மை தீமைகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியில், புரியும் விதத்தில் சொன்ன பிறகு பெறுவதே ஒப்புதல் என்கிறது. "அது நடுக்கத்துக்கு" என்ற இரண்டு சொல் அந்த இலக்கணத்துக்குள் அடங்காது.

என் தீர்ப்பு இது. முதல் வரி மருந்து தேவை, பெரும்பாலோருக்கு நெடுங்காலம் தேவை. அசைவுக் கோளாறு அதற்குக் கொடுத்தே தீர வேண்டிய விலை என்பதும், புதிய மருந்தால் ஒழிந்துவிட்டது என்பதும் இரண்டுமே சான்றுகளில் நிற்கவில்லை. அளவைச் சந்துக்குள் நிறுத்தாததும், பார்க்காமல் சீட்டைப் புதுப்பிப்பதும்தான் தடுக்கக்கூடிய பெரும்பகுதி. பேசிடேனை வீரியமான மருந்து தொடங்கும் முதல் வாரங்களில், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுப்பதை ஏற்கிறேன். அளவைக் குறைத்தும் மருந்தை மாற்றியும் விறைப்பு போகாதவர்களுக்குக் கொடுப்பதையும் ஏற்கிறேன். எல்லோருக்கும், எப்போதைக்கும் என்று எழுதுவதற்கு ஆதாரமில்லை. இரண்டையும் ஒன்றாக அடைத்த மாத்திரைக்கு நோயாளியின் நலன் என்ற கோணத்திலிருந்து ஒரு நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒன்று. மருந்து தொடங்கும்போதும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும், நோயாளியின் சம்மதத்தோடு, அவர் உட்கார்ந்திருப்பதையும் நடப்பதையும் செல்பேசியில் ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள், இரண்டாவது மாத்திரை இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பேசிடேனையும் பட்டென்று விட்டால் விறைப்பும் குமட்டலும் தூக்கமின்மையும் திரும்பி அடிக்கும், மருத்துவர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். இந்த மருந்துகளை எடுப்பவருக்குக் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து வந்தால் அது அரிதான, உயிருக்கே ஆபத்தான வேறொரு விளைவு. அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.